வாரண்ட் இல்லாமல் வீட்டைச் சோதனையிடலாமா? காவல்துறையின் அதிகாரமும் நீதிமன்றத்தின் வரம்பும்

காவல்துறை வாரண்ட் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து சோதனையிடலாமா, நீதிமன்றமே ஆணை பிறப்பித்துவிட்டால் அதற்கு மேல் வரம்பே கிடையாதா என்பது கேள்வி. முதற்பகுதிக்குச் சுருக்கமான பதில், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சோதனையிடலாம் என்பது. இரண்டாவதற்கு, வரம்பு நிச்சயம் உண்டு; வாரண்ட் வழங்கும் நடுவரும் (மாஜிஸ்திரேட்) சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே. ஆனால் இவ்விரண்டும் ஏட்டில் உள்ள சட்டத்தை மட்டுமே சொல்லும் பதில்கள். வரம்பு மீறப்பட்டால் மீறிய அதிகாரிக்கு என்ன ஆகிறது, அந்த மீறலால் கைக்கு வந்த சான்று என்ன ஆகிறது என்று கேட்டால்தான் அந்த வரம்பின் உண்மையான வலிமை தெரியும். இந்தியச் சட்டம் தளர்ந்து நிற்பது அந்த இடத்தில்தான். அந்தத் தளர்வுக்கு நாடாளுமன்றத்தைப் போலவே உச்ச நீதிமன்றமும் பொறுப்பு என்பது என் உறுதியான கருத்து.

நியாயமற்ற சோதனைக்கும் கைப்பற்றலுக்கும் எதிரான பாதுகாப்பு அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தமாக 1791 முதல் இருக்கிறது. நம் சாசனத்தின் அடிப்படை உரிமைகள் பகுதியில் அப்படி ஒரு பிரிவு இல்லை. மறதியால் விடுபட்டதன்று இது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காஜி சையத் கரிமுதீன் என்ற உறுப்பினர், ஏறத்தாழ நான்காம் திருத்தத்தின் சொற்களிலேயே ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். இத்தகைய விதிகள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்தாலும், சட்டமன்றங்களின் கைக்கு எட்டாதபடி சாசனத்திலேயே அவற்றை வைப்பது விரும்பத்தக்கது என்று சொல்லி அதை ஏற்க அம்பேத்கர் முன்வந்தார். வாக்கெடுப்பில் குழப்பம் ஏற்பட்டு, விஷயம் தள்ளிவைக்கப்பட்டு, இறுதியில் திருத்தம் தோற்றது. வரைவுக் குழுத் தலைவரே ஏற்க முன்வந்த ஒரு பாதுகாப்பு இப்படிக் கைநழுவியதை அந்த விவாதப் பதிவில் படிக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

அதன் விளைவு ஆறே ஆண்டுகளில் தெரிந்தது. டால்மியா ஜெயின் ஏர்வேஸ் நிறுவனத்தின் நிதி முறைகேடுகள் குறித்த வழக்கில், 1953 நவம்பரில் டெல்லி மாவட்ட நடுவர் வழங்கிய வாரண்டுகளின்பேரில் 34 இடங்களில் சோதனை நடந்து, ஏராளமான ஆவணங்கள் கைப்பற்றப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற 20(3) பிரிவை இது மீறுகிறது என்று எம்.பி. சர்மா முதலானோர் வாதிட்டனர். 1954 மார்ச்சில் எட்டு நீதிபதிகள் அமர்வு அதை நிராகரித்தது. சோதனை என்பது அதிகாரியின் செயலே அன்றி வீட்டுக்காரரின் செயல் அன்று. அவர் எதையும் சொல்லவோ எடுத்துக் கொடுக்கவோ கட்டாயப்படுத்தப்படவில்லை. எனவே அது சாட்சியமளிப்பது ஆகாது என்றது. அதோடு நிறுத்தியிருந்தால் தீர்ப்பில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் அமர்வு இன்னும் இரண்டு படிகள் தாண்டிச் சென்றது. நான்காம் திருத்தத்துக்கு இணையான அந்தரங்க உரிமையைச் சாசனம் இயற்றியவர்கள் ஏற்காதபோது, முற்றிலும் வேறான ஓர் உரிமைக்குள் அதை வலிந்து புகுத்த நியாயமில்லை என்றது முதற்படி. வாரண்ட் வழங்குவது பொதுவாக நடுவரின் நீதித்துறைப் பணி. குடிமகனுக்கும் அதிகாரிக்கும் இடையே அந்தப் பணி நிற்கும்போது அடிப்படை உரிமை ஏமாற்றப்படுவதாகக் கருத வேண்டியதில்லை என்றது இரண்டாம் படி.

எழுபது ஆண்டுகளாகச் சட்டப் புத்தகங்கள் முதற்படியைப் பற்றியே பேசுகின்றன. என்னை உறுத்துவது இரண்டாம் படி. அந்த வாரண்டுகளை வழங்கியவர் மாவட்ட நடுவர், அதாவது நிர்வாகத்தின் அங்கமான ஓர் அதிகாரி. நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று சாசனத்தின் 50ஆம் பிரிவு சொன்னதை நடைமுறைச் சட்டம் நாடு முழுமைக்குமாக நிறைவேற்றியது 1974 ஏப்ரலில்தான். ஆகவே 1953இல் குடிமகனுக்கும் காவல்துறைக்கும் நடுவே நின்ற ‘நீதித்துறை’ பல இடங்களில் காவல்துறையோடு ஒரே மேசையில் அமர்ந்த நிர்வாகமாகவே இருந்தது. நடுவரின் கையெழுத்தே போதிய பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு அப்போது அடித்தளம் கிடையாது. சுதந்திரமான நடுவர்கள் வந்துவிட்ட பிறகும், அந்தக் கையெழுத்து எப்படி இடப்படுகிறது என்பதைப் பொறுத்தே அந்த நம்பிக்கைக்குப் பொருள் உண்டு.

1962 டிசம்பரில் தீர்ப்பான கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓரளவு திரும்பியது. வழக்கில் விடுவிக்கப்பட்ட பின்பும் கண்காணிப்புப் பட்டியலில் வைக்கப்பட்டவரின் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டிச் சோதிக்க உத்தரப் பிரதேச காவல்துறை விதி இடமளித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து உச்ச நீதிமன்றம் சென்ற ராஜகோபால ஐயங்கார் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, சட்டம் எதன் ஆதரவும் இல்லாத அந்த விதி 21ஆம் பிரிவின் தனிமனிதச் சுதந்திரத்தை மீறுகிறது என்று சொல்லி அதை ரத்துசெய்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை அன்று என்று அதே தீர்ப்பு சொன்னதும் உண்மை. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய சுப்பா ராவ்தான் அதையும் உரிமையாகக் கண்டார். ஆயினும் அதிலிருந்து கிடைத்த பாடம் பெரிது. வீட்டுக்குள் நுழைய துறையின் சொந்த விதியோ மேலதிகாரியின் சுற்றறிக்கையோ போதாது. சட்டமன்றம் இயற்றிய சட்டம் வேண்டும்.

அப்படியானால் அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185ஆம் பிரிவு (பழைய சட்டத்தில் 165) வாரண்ட் இல்லாத சோதனைக்கு வழி தருகிறது. எந்நேரமும் எவர் வீட்டையும் குடைவதற்கான அனுமதி அன்று அது. ஒரு வழக்கின் புலனாய்வு நடந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குத் தேவையான பொருள் அந்த இடத்தில் இருப்பதாக நம்ப நியாயமான காரணம் வேண்டும். வேறு வழியில் அதைப் பெறத் தேவையற்ற தாமதம் ஆகும் என்ற நிலை வேண்டும். அந்தக் காரணங்களையும், தேடும் பொருள் எது என்பதையும் சோதனைக்கு முன்பே வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். பதிவின் நகலை 48 மணி நேரத்துக்குள் நடுவருக்கு அனுப்ப வேண்டும்; வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் அவருக்கும் இலவசமாகத் தர வேண்டும். 103ஆம் பிரிவின்படி அப்பகுதியைச் சேர்ந்த, சார்பற்ற இருவரேனும் சாட்சிகளாக இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் சோதனையை உடனிருந்து பார்க்கலாம். கைப்பற்றியவற்றின் பட்டியல் அவருக்குத் தரப்பட வேண்டும். பெண்ணின் உடலைப் பெண்தான் சோதிக்க வேண்டும். முழு நடவடிக்கையையும் ஒலி-ஒளிப்பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்பது 105ஆம் பிரிவு சேர்த்த புதிய கடமை.

காரணத்தை முன்கூட்டி எழுதுவது வெறும் சடங்கு அன்று. 1959இல் தீர்ப்பான ராஜஸ்தான் அரசு எதிர் ரகுமான் வழக்கில், காரணம் எதையும் பதிவுசெய்யாமல் புகையிலை தேடி வந்த கலால் அதிகாரிகளைத் தடுத்த விவசாயியின் விடுதலையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தச் சோதனை சட்டவிரோதமானது. எனவே தடுத்தது குற்றமாகாது என்பதே அதன் முடிவு. இதைப் படித்துவிட்டு யாரும் வாசலில் நின்று கைகலப்பில் இறங்கிவிடக் கூடாது; காரணம் எழுதப்பட்டிருக்கிறதா இல்லையா என்பது அந்த நேரத்தில் வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஆனால் முன்கூட்டி எழுதப்படும் காரணம்தான் பின்னாளில் நீதிமன்றம் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரே பொருள். கிடைத்த பொருளை வைத்துச் சந்தேகத்துக்குக் காரணம் புனைவதை அது தடுக்கிறது.

இனி நடுவரின் வாரண்ட். 96ஆம் பிரிவு (பழைய 93) மூன்று சூழல்களைச் சொல்கிறது: அழைப்பாணை அனுப்பினாலும் அந்த நபர் பொருளை ஒப்படைக்க மாட்டார் என்று நம்பக் காரணம் இருக்கும்போது, பொருள் யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாதபோது, விசாரணைக்கோ வேறு நடவடிக்கைக்கோ பொதுச் சோதனை உதவும் என்று நீதிமன்றம் கருதும்போது. மூன்றாவது மிக அகலமானது, அதனாலேயே ஆபத்தானது. 1979இல் குட்டன் பிள்ளை வழக்கில் அந்த அகலத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் வாரண்ட் வழங்குவது தீவிரமான காரியம், இரண்டு வரி உத்தரவில் இயந்திரகதியாக அதை முடிக்கக் கூடாது என்றும் எச்சரித்தது. அதற்கு முன் 1964இல் சியாம்லால் சோக்சி வழக்கில், ஆவணத்தை ஒப்படைக்கும்படி குற்றம் சாட்டப்பட்டவருக்கு அழைப்பாணை அனுப்ப முடியாது என்று அரசியல் சாசன அமர்வு தீர்த்திருந்தது. ஆக, குற்றம் சாட்டப்பட்டவரிடம் ‘கொண்டு வா’ என்று நடுவர் சொல்ல முடியாது. ‘போய்த் தேடு’ என்று காவல்துறைக்குச் சொல்லலாம். முதலாவதில் அவர் செயல்பட வேண்டியிருக்கிறது, இரண்டாவதில் இல்லை என்பதே வேறுபாடு. தர்க்கப்படி சரிதான். வீடு முழுதும் கலைத்துப் போடப்பட்ட குடும்பத்துக்கு அந்த வேறுபாடு எவ்வளவு ஆறுதல் தரும் என்பது வேறு கேள்வி.

நீதித்துறை அதிகாரத்தின் வரம்பை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். காவல்துறையின் புலனாய்வைத் தடுக்கவோ, அதைத் தானே நடத்தவோ நீதிமன்றத்தால் ஆகுமா? லாகூரிலிருந்து வந்த நசீர் அகமது மேல்முறையீட்டில் 1944இல், அன்று இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், காவல்துறையின் பணியும் நீதிமன்றத்தின் பணியும் ஒன்றுக்கொன்று துணையானவை, ஒன்றின்மேல் ஒன்று படிபவை அல்ல என்றது. அதே தடத்தில் 1967இல் அபிநந்தன் ஜா வழக்கில், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும்படி நடுவர் காவல்துறைக்கு ஆணையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. காவல்துறையின் முடிவை ஏற்காமல் குற்றத்தை நேரடியாகக் கவனத்தில் கொள்ளும் உரிமை நடுவருக்கு உண்டு, அது வேறு. உயர் நீதிமன்றத்துக்குப் பேராணை (ரிட்) பிறப்பிக்க இடம் தரும் 226ஆம் பிரிவும் உள்ளார்ந்த அதிகாரமும் இருப்பதால் அதன் கை நீளமானது. ஆயினும், நீதிமன்றம் தன் வரம்புக்குள் பிறப்பித்த உத்தரவை அடிப்படை உரிமை மீறல் என்று சொல்லி உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுக இடம் தரும் 32ஆம் பிரிவின் கீழ் எதிர்க்க முடியாது என்று 1966இல் மிராஜ்கர் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு கூறியது. எனவே நடுவரின் வாரண்ட் தவறானது என்றால் சீராய்வு மனு, அல்லது உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வை அதிகாரம், இவைதான் வழி.

இந்த வரம்பை உச்ச நீதிமன்றமே தளர்த்திக்கொண்ட நிகழ்வு 2019இல் நடந்தது. ஒருவரின் குரல் மாதிரியைத் தரச் சொல்லி நடுவர் உத்தரவிட அப்போது நடைமுறைச் சட்டத்தில் பிரிவு ஏதும் இல்லை. ரித்தேஷ் சின்கா வழக்கை 2012இல் விசாரித்த இரு நீதிபதிகளில் ரஞ்சனா தேசாய், அந்த அதிகாரம் சட்டத்துக்குள் அடங்கியிருப்பதாகக் கண்டார். அஃப்தாப் ஆலம், சட்டமன்றம்தான் அதைத் தர வேண்டும் என்றார். வழக்கு மூன்று நீதிபதிகளிடம் போனது. சட்டத்தில் இடைவெளி இருப்பதை ஒப்புக்கொண்ட அந்த அமர்வு, முழு நீதி வழங்கத் தேவையான ஆணையைப் பிறப்பிக்க உச்ச நீதிமன்றத்துக்கு இடம் தரும் சாசனத்தின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை நடுவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று அறிவித்தது. இப்போது சன்ஹிதாவின் 349ஆம் பிரிவு அந்த இடைவெளியை நிரப்பிவிட்டது. அதனால் அந்தத் தீர்ப்பு சரியாகிவிடாது. குடிமகனின் உரிமையைக் காக்கச் சட்டத்தின் இடைவெளியை நிரப்புவது ஒன்று. குடிமகனுக்கு எதிராக அரசின் கையை நீட்டிக்கொடுக்க அதை நிரப்புவது முற்றிலும் வேறு. 21ஆம் பிரிவு கேட்பது சட்டம் வகுத்த நடைமுறையை. ஆலம் சொன்னதே சாசனத்துக்கு நெருக்கமானது.

இப்போது தொடக்கத்தில் சொன்ன தளர்வுக்கு வருகிறேன். சோதனை சட்டவிரோதம் என்று நீதிமன்றமே கண்டுவிட்டால், கிடைத்த பொருள் சான்றாகுமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961இல் மாப் வழக்கில், மாநில நீதிமன்றங்களிலும் அது ஆகாது என்றது; பின்னாளில் சில விலக்குகள் வந்தாலும் விதி நிலைக்கிறது. இந்தியாவில் நிலை நேர்மாறானது. 1962இல் ராதா கிஷன் வழக்கு, சோதனையில் சட்டமீறல் இருந்தால் வீட்டுக்காரர் தடுக்கலாம், நீதிமன்றம் அந்தச் சான்றைக் கூடுதல் கவனத்துடன் பார்க்கலாம், ஆனால் கைப்பற்றியது அதனால் மட்டும் கெட்டுவிடாது என்றது. வருமான வரிச் சோதனை தொடர்பான பூரன் மல் வழக்கில் 1973இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதியாக நிலைநாட்டியது. பொருள் வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே கேள்வி. எப்படி வந்தது என்பதன்று. முன்கூட்டிக் காரணம் எழுதாத, சாட்சி இல்லாத சோதனையில் கிடைத்த கத்தியும் முறைப்படி எடுத்த கத்தியும் நீதிமன்ற மேசையில் ஒன்றாகிவிட்டால், முறையைக் கடைப்பிடிக்க அதிகாரிக்கு என்ன தூண்டுதல் இருக்கும்?

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இதற்கு எதிர்ச்சான்று. அதன் 50ஆம் பிரிவு, உடலைச் சோதிக்கும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உண்டு என்பதை அந்த நபரிடம் சொல்லச் சொல்கிறது. அதைச் சொல்லாமல் எடுத்த பொருளை மட்டும் நம்பித் தண்டித்தால் தண்டனை நிற்காது என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்த்தது; 2010இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில், அந்த உரிமையைத் தெரிவிக்கும் கடமை கண்டிப்பானது என்று இன்னோர் அமர்வு உறுதிசெய்தது. இதனால்தான் கஞ்சா வழக்குகளின் மகஜர்களில் (சோதனையின்போது எழுதப்படும் பதிவுகளில்) அந்த உரிமையை எடுத்துச் சொன்னதாக ஒரு பத்தி தவறாமல் இடம்பெறுகிறது. பையைச் சோதிப்பதற்கு இது பொருந்தாது என்று 2005இல் விலக்கு வந்தது; அந்தப் பத்தி சில வழக்குகளில் வார்ப்புரு வாசகமாகிவிட்டதும் உண்மை. என்றாலும், மீறினால் வழக்கு விழும் என்ற இடத்தில் மட்டுமே விதி அதிகாரியின் நடத்தையை மாற்றியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

பூரன் மல் தீர்ப்பு இன்று எதன்மேல் நிற்கிறது என்பதையும் கேட்க வேண்டும். சட்டவிரோதச் சோதனைக்கு எதிராகச் சாசனத்தில் பாதுகாப்பு இல்லை என்பதற்கு அது ஆதாரமாகக் கொண்டது எம்.பி. சர்மா தீர்ப்பை. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்து, அதற்கு மாறாகச் சொன்ன அளவுக்கு எம்.பி. சர்மாவையும் கரக் சிங்கையும் நீக்கினார்கள். அடித்தளம் போன பின்னும் மேல்கட்டடம் நிற்கிறது. விசாரணை நீதிமன்றங்கள் இன்றும் பூரன் மல்லையே மேற்கோள் காட்டுகின்றன. ஐவர் அமர்வின் தீர்ப்பை அவை மீற முடியாது என்பதால் குறை அவற்றின்மேல் இல்லை. பெரிய அமர்வு ஒன்று இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

சட்டமும் தகுந்த வழிகாட்டு வரம்புகள் இல்லாமல் அதிகாரம் தரக் கூடாது என்பதற்கு 2004இல் முடிவான கனரா வங்கி வழக்கு நல்ல முன்னுதாரணம். முத்திரைத்தாள் சட்டத்தில் ஆந்திரம் செய்த திருத்தம், ஆட்சியர் அனுப்பும் எவரும் வங்கியில் உள்ள வாடிக்கையாளரின் ஆவணங்களைப் பார்த்து எடுத்துச்செல்ல இடம் தந்தது; நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. அதற்கு எதிர்த்திசையில், அந்தரங்கம் அடிப்படை உரிமையான அதே 2017இல், வருமான வரிச் சோதனைக்கான ‘நம்பக் காரணங்களை’ யாருக்கும், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குக்கூட, தெரிவிக்க வேண்டியதில்லை என்ற விளக்கம் நிதிச் சட்டத்தின் மூலம் முன்தேதியிட்டுச் சேர்க்கப்பட்டது. காவல்துறையின் சோதனையில் வீட்டுக்காரருக்கு நடுவர் நகல் தர வேண்டிய அதே காரணத்தை வரித்துறை பூட்டி வைக்கலாம் என்பது எனக்கு எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை.

மிக அவசரமான கேள்வி கைப்பேசி பற்றியது. வீட்டைச் சோதித்தால் கிடைப்பதைவிட அதிகம் அதற்குள் இருக்கிறது. ஆனால் சட்டம் அதைப் பெரும்பாலும் மற்றொரு பொருளாகவே பார்க்கிறது. கைரேகை கொடுப்பது தனக்கு எதிரான சாட்சியம் ஆகாது என்று 1961இல் காதி காலு வழக்கில் பதினொரு நீதிபதிகள் சொன்னதை வைத்து, 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கடவுச்சொல்லையும் அவ்வாறே கருதியது. 2022இல் டெல்லி சிறப்பு நீதிமன்றம் ஒன்று, கடவுச்சொல் மனத்தில் உள்ள அறிவு, அதைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. உண்மை கண்டறியும் சோதனைகளை ஒப்புதலின்றி நடத்தக் கூடாது என்ற 2010ஆம் ஆண்டின் செல்வி தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் இரண்டாவது பார்வையே சரி. பத்திரிகையாளர்களின் சாதனங்கள் கைப்பற்றப்படுவது குறித்த வழக்கில், இதற்கு வழிகாட்டு நெறிகள் தேவை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் வலியுறுத்தியது.

இவ்வளவுக்கும் நடுவில், வீட்டில் சோதனை நடந்துவிட்ட ஒருவர் செய்யக்கூடியது என்ன? கைப்பற்றிய பொருள்களின் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். தவறு இருந்தால் கையெழுத்திடும்போதே அதைக் குறிப்பிட வேண்டும். 185ஆம் பிரிவின்படி எழுதப்பட்ட காரணத்தின் நகல் கேட்டு நடுவரிடம் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பதிவு 48 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்ததா என்பது அப்போது தெரிந்துவிடும். 105ஆம் பிரிவின் ஒளிப்பதிவைப் பாதுகாக்கும்படியும் அதே விண்ணப்பத்தில் கேட்கலாம். விசாரணையில் சான்றை முழுதாக விலக்கச் செய்ய முடியாவிட்டாலும், அதன் நம்பகத்தன்மையை உடைக்க இவைதான் கருவிகள். பூரன் மல் மறுபரிசீலனைக்கு வரும் நாளில் வழக்கை அதுவரை கொண்டுசெல்லத் தேவைப்படும் பதிவுகளும் இவைதான்.